லாசர் என்னும் பெயர் பெற்றவர்: புனித தேவசகாயமும் உயிர்ப்பின் நம்பிக்கையும்



ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாள் நாம் எல்லோரும் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்கிறோம். முதல் நாளே புல் செதுக்கி, மண்மேட்டைச் சீர்செய்து, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து வைக்கிறோம். மாலையில் சாமந்தி மாலையும் மெழுகுதிரியும் ஊதுபத்தியுமாகக் குடும்பம் குடும்பமாக நின்று செபிக்கிறோம். பங்குச் சுவாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துச் செல்கிறார். வெளியூரில் பிழைக்கப் போனவர்கள்கூட அன்று வர முடியவில்லையே என்று ஏங்குகிறார்கள். எல்லாம் நல்லதே. ஆனால் மறுநாள் காலையில் என்ன நடக்கிறது? வரப்புத் தகராறு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. அண்ணனும் தம்பியும் அப்பாவின் கல்லறைக்கு ஆளுக்கொரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு, ஒருவரோடொருவர் பேசாமலே வீடு திரும்புகிறார்கள். மழை பொய்த்துப் பருத்தி கருகினால், கடவுள் நம்மைக் கைவிட்டார் என்று நம்மில் சிலர் கோவில் வாசற்படி மிதிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். ஞாயிறுதோறும் விசுவாச அறிக்கையில் சரீர உத்தானத்தை அறிக்கையிடுகிற நாம், அந்த நம்பிக்கையைக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுகிறோமோ என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு.

நம் ஊர் லப்பைக்குடிக்காட்டில் பெரும்பான்மையோர் இஸ்லாமியச் சகோதரர்கள். அவர்களும் இறுதி நாளில் இறந்தோர் எழுப்பப்படுவர் என்று நம்புகிறவர்களே. அந்த நாளை நினைத்துக் கடனையும் கணக்கையும் நேராக வைத்துக்கொள்ளப் பார்க்கும் பெரியவர்களை நாம் கடைத்தெருவில் கண்டிருக்கிறோம். கிறிஸ்து உயிர்த்தார் என்று அறிந்திருக்கிற நமக்கு அது இன்னும் எவ்வளவு நெருங்கிய சங்கதியாக இருக்கவேண்டும்!

இந்த யூபிலி மலரில் எழுதும்படி கேட்டபோது, உயிர்ப்பின் நம்பிக்கையை அன்றாட வேலையிலும் வீட்டிலும் வழிநடையிலும் சுமந்து நடந்த ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. அவர் குருவல்ல, துறவியல்ல. பெண்சாதி உள்ளவர், அரசாங்கச் சம்பளம் வாங்கியவர், கூலியாட்களுக்குக் கணக்குப் பார்த்துப் பணம் கொடுத்தவர். அவர்தாம் வேதசாட்சியான புனித தேவசகாயம்.

அவர் நம் வட்டாரத்தவர் அல்லர் என்பது மெய்யே. ஆயினும் தொடர்பில்லாதவரும் அல்லர். நம் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவின் நிழலில் வாழ்ந்து தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் தேவசகாயமும் ஒரே காலத்தவர். கொள்ளிடக் கரையில் இருக்கும் ஏலாக்குறிச்சியும், தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே இருக்கும் வடக்கன்குளமும் அந்நாளில் சேசு சபையாரின் மதுரை மிஷன் என்னும் ஒரே வேதபோதக மாநிலத்தைச் சேர்ந்தவை. வீரமாமுனிவர் எந்த மிஷனில் உழைத்தாரோ, அதே மிஷனின் வேறொரு மூலையில்தான் தேவசகாயத்தின் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றப்பட்டது.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நட்டாலம் என்னும் ஊரில் 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் அவர் பிறந்தார். அப்பகுதி அந்நாளில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. தந்தை வாசுதேவன் நம்பூதிரி. தாய் தேவகி அம்மா. பிள்ளைக்கு இட்ட பெயர் நீலகண்டன். வசதியான குடும்பம், உயர்ந்ததாக மதிக்கப்பட்ட குலம். கல்வியும் போர்ப்பயிற்சியும் பெற்றார். பத்மநாபபுரத்து நீலகண்டசுவாமி கோவிலில் பணிபுரிந்து, பின்னர் அரண்மனை உத்தியோகத்தில் அமர்ந்தார். மேக்கோட்டைச் சேர்ந்த பார்கவி அம்மாளை மணந்தார். அப்போது ஆண்ட அரசர் மார்த்தாண்டவர்மர். குடும்பம், பதவி, அரசரின் தயவு என்று ஒரு மனிதன் விரும்பக்கூடியவை பெரும்பாலும் அவரிடம் இருந்தன.

1741-ல் குளச்சல் கடற்கரையில் நடந்த போரில் மார்த்தாண்டவர்மரின் படை டச்சுக் கம்பெனிக்காரரைத் தோற்கடித்தது. அதில் பிடிபட்டவர்களில் ஒருவர் பெனடிக்ட் டிலன்னாய் என்னும் அதிகாரி. அவர் கத்தோலிக்கர். அரசர் அவருடைய திறமையைக் கண்டு, தண்டிப்பதற்குப் பதிலாகத் தம் படைக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பையும், உதயகிரிக் கோட்டையைத் திருத்திக் கட்டும் வேலையையும் ஒப்படைத்தார். அந்தக் கோட்டை வேலையில் ஆட்களுக்குக் கூலி பட்டுவாடா செய்யும் பொறுப்பு நீலகண்டனுடையது. இப்படித்தான் அந்நிய நாட்டுக் கைதியும் அரண்மனை அலுவலரும் நண்பரானார்கள்.

அந்நாளில் நீலகண்டனின் வீட்டில் கஷ்டம் புகுந்தது. மாடுகள் அடுத்தடுத்து மடிந்தன, பயிர் அழிந்தது, சொத்து கரைந்தது. மாடு சாவது என்றால் என்ன என்பதை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. கோமாரி வந்து உழவுமாட்டை இழந்த வீடுகளும், காய்பிடிக்கும் நேரத்தில் மழை ஏமாற்றிப் பருத்தியைத் தீயிலிட்ட வீடுகளும் நம்மிடையே உண்டு. நீலகண்டன் முகவாட்டத்தோடு வேலைக்கு வந்தார். காரணத்தைக் கேட்டறிந்த டிலன்னாய் அவருக்கு வேதாகமத்திலிருந்து ஒரு கதையைச் சொன்னார். அது யோபுவின் கதை.

அந்தக் கதையில் சற்று நிற்போம். ஏனென்றால் நம்மில் பலர் யோபுவைப் பொறுமைக்கு மட்டும் உதாரணமாகச் சொல்லி விட்டுவிடுகிறோம். யோபுவுக்கு 7,000 ஆடுகள், 3,000 ஒட்டகங்கள், 500 ஏர் மாடுகள், 500 கழுதைகள் இருந்தன. ஆண்மக்கள் 7 பேர், பெண்மக்கள் 3 பேர். ஒரே நாளில் அத்தனையும் போயின. உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்தார். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களோ அவர்மீதே பழி சுமத்தினார்கள். அந்த நிலையில், தம்மை மீட்பவர் உயிரோடிருக்கிறார் என்றும், தம் தோல் அழிந்துபோன பின்னும் தம் மாம்சத்தில் தாமே கடவுளைக் காண்பார் என்றும் யோபு உறுதியாக நம்பினார். வேறொருவர் கண்ணால் அல்ல, தம் சொந்தக் கண்களாலேயே காண்பார் என்பது அவர் நம்பிக்கை. நம் அடக்கத் திருப்பலியில் இப்பகுதியை வாசகமாக எடுப்பதற்குக் காரணம் இதுவே.

கதையின் முடிவில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. யோபுவுக்கு எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தன: ஆடுகள் 14,000, ஒட்டகங்கள் 6,000, ஏர் மாடுகள் 1,000, கழுதைகள் 1,000. ஆனால் மக்கள் மட்டும் முன்போலவே 7 ஆண்களும் 3 பெண்களும்தாம். கணக்குத் தவறிவிட்டதா? வேத வியாக்கியானிகள் இதற்கு அழகான விளக்கம் தருகிறார்கள். செத்த ஆடு செத்ததுதான். ஆகவே இரட்டிப்பாக்க முழுதும் புதிதாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. செத்த பிள்ளைகளோ தொலைந்துபோகவில்லை. அவர்கள் ஆண்டவரிடத்தில் இருக்கிறார்கள். புதிதாகப் பிறந்த பத்துப்பேரைச் சேர்த்தால் இருபது. இரட்டிப்புக் கணக்கு சரியாகவே இருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் நம் பங்கிலும் இருக்கிறார்கள். எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், போன பிள்ளையையும் சேர்த்துத்தான் அவர்கள் எண்ணிச் சொல்லுகிறார்கள். அந்தத் தாய்மார் வியாக்கியானம் எதுவும் படித்ததில்லை.

டிலன்னாய் எந்த வார்த்தைகளில் சொன்னாரோ, நீலகண்டனின் உள்ளத்தில் அது தைத்தது. இழந்ததைத் திரும்பப் பெறும் வழியாக அவர் இந்தச் சமயத்தைத் தேடினார் என்று நினைக்கவேண்டாம். கிறிஸ்தவராவதால் அவருக்கு மாடு திரும்பக் கிடைக்கவில்லை, இருந்ததும் போயிற்று. மீட்பவர் உயிரோடிருக்கிறார் என்றால் இழப்பு கடைசி வார்த்தையல்ல என்பதே அவரைப் பிடித்துக்கொண்ட எண்ணம் என்று நான் கருதுகிறேன்.

ஞானஸ்நானம் கேட்டபோது டிலன்னாய் அவரை வடக்கன்குளத்திற்கு அனுப்பினார். அங்கே வேதபோதகராக இருந்த சேசு சபைக் குரு பூத்தாரி சுவாமியார் இத்தாலி நாட்டவர். அரண்மனை உத்தியோகஸ்தர் ஒருவர் வந்து ஞானஸ்நானம் கேட்டால், பின்விளைவு என்னவாகும் என்று சுவாமியார் அறியாதவரல்லர். ஆகையால் அவசரப்படாமல் சோதித்துப் பார்த்து, ஞான உபதேசம் கற்பித்து, 1745-ஆம் ஆண்டு மே மாதம் திருமுழுக்குக் கொடுத்தார். வைத்த பெயர் லாசர். அதன் பொருளைத் தமிழில் பெயர்த்துத் தேவசகாயம் என்றார்கள். கடவுளே துணை என்பது கருத்து.

லாசர் என்ற பெயரில் சுவிசேஷத்தில் இருவர் வருகிறார்கள். ஒருவர் பணக்காரன் வாசலில் புண்ணோடு கிடந்த ஏழை. மற்றவர் பெத்தானியா ஊர்க்காரர். மார்த்தாள், மரியாள் ஆகியோரின் சகோதரர். இறந்து நான்காம் நாள் ஆண்டவரால் கல்லறையிலிருந்து அழைக்கப்பட்டவர். நம் தேவசகாயத்துக்கு இருவரும் பொருந்துவர் என்பது பின்னால் தெரியவரும். பெத்தானியா லாசரைப் பற்றி நாம் அதிகம் சிந்திக்காத ஒன்று உண்டு. உயிர்த்தெழுந்து வந்தவரைப் பார்க்க ஜனங்கள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். அதைக் கண்டு தலைமைக் குருக்கள் அவரையும் கொன்றுவிட ஆலோசித்தார்கள் என்று அருளப்பர் எழுதியிருக்கிறார். ஒருமுறை செத்தவனைக் கொலைமிரட்டலால் எப்படிப் பயமுறுத்துவது? ஞானஸ்நானத் தொட்டியில் நாமும் கிறிஸ்துவோடு ஒருமுறை செத்து எழுந்தவர்களே என்று புனித சின்னப்பர் போதிக்கிறார். நாம்தாம் அதை மறந்துவிட்டு எல்லாவற்றுக்கும் பயப்படுகிறோம்.

தேவசகாயம் வீடு திரும்பி, மனைவிக்குத் தாம் பெற்ற விசுவாசத்தை எடுத்துச் சொன்னார். பார்கவி அம்மாளுக்கு உடனே சம்மதமில்லை. உறவினர் என்ன சொல்வார்கள், இருக்கிற இடத்தில் எப்படி இருப்பது என்ற அச்சம் எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடியதுதான். அவர் பொறுமையாகப் பேசினார். பின்னர் அம்மையாரும் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். தெரேசா என்னும் பெயரைத் தமிழில் ஞானப்பூ என்று வைத்தார்கள். எவ்வளவு நல்ல பெயர்! நம் பங்கிலும் யாராவது ஒரு பிள்ளைக்கு அதை வைக்கலாகாதா?

இதன்பின் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் தேவசகாயம் சாதாரணமாகத்தான் வாழ்ந்தார். சரித்திரக்காரர் இந்த ஆண்டுகளைச் சீக்கிரமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கோ இவைதாம் முக்கியமாகப் படுகின்றன. அவர் காட்டுக்கு ஓடவில்லை, வேலையை விடவில்லை. அதே அரண்மனை உத்தியோகத்தில் இருந்தபடியே போர்வீரர்களோடும் தம்மோடு பழகியவர்களோடும் கிறிஸ்துவைப் பற்றிப் பேசினார். பார்வைக்கு மாறியது ஒன்றே ஒன்று. எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார்; தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு உட்கார்ந்தார், உண்டார். பதினெட்டாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் இது என்ன பொருள்படும் என்பதை நினைத்துப் பாருங்கள். இன்னார் இன்னாரிடமிருந்து இத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என்று கணக்கு வைத்திருந்த நாடு அது. அங்கே குலப்பெருமையுள்ள ஒருவர், ஒரே ஆண்டவரால் எழுப்பப்படப் போகிறவர்களுக்குள் எட்ட நில் என்பதும் கிட்ட வா என்பதும் கிடையாது என்பதுபோல நடந்துகொண்டார். தேவசகாயத்தின் மேல் பகை மூண்டதற்கு அவருடைய செபத்தைவிட இதுவே பெரிய காரணம் என்று எண்ண இடமிருக்கிறது.

குற்றச்சாட்டுகள் அரசரிடம் போயின. குலவழக்கத்தையும் தேவர்களையும் அவமதித்தார், அரசுக்குத் துரோகம் செய்தார் என்று பலவிதமாகச் சொன்னார்கள். 1749-ஆம் ஆண்டு பெப்ருவரி 23-ஆம் நாள் தேவசகாயம் கைதானார். பழைய சமயத்துக்குத் திரும்பினால் பதவியும் பெருமையும் திரும்பக் கிடைக்கும் என்று ஆசை காட்டினார்கள். மறுத்தார்.

அதன்பின் நடந்தவை விரித்துச் சொல்ல மனம் வராதவை. நாள்தோறும் பிரம்படி, காயங்களில் மிளகாய்ப்பொடி தேய்த்து வெயிலில் நிறுத்துதல். கழுத்தில் எருக்கம்பூ மாலையிட்டு, எருமைக்கடாவின்மேல் பின்புறம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். ஊரார் பார்த்துச் சிரிக்கவேண்டும், மற்றவர் பார்த்துப் பயப்படவேண்டும் என்பது நோக்கம். வாசலில் புண்ணோடு கிடந்த லாசரின் பெயர் இங்கே அவருக்குப் பொருந்திற்று. புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் துவண்ட அவர் செபித்துப் பாறையில் முட்டியால் இடித்தபோது தண்ணீர் சுரந்தது என்று அவ்வூரார் வழிவழியாகச் சொல்லுவர். அந்த இடத்துக்கு முட்டிடிச்சான்பாறை என்றே பெயர். இன்றும் யாத்திரிகர் அங்கே தண்ணீர் எடுத்துச் செல்கிறார்கள்.

பெருவிளையில் ஆராச்சார், அதாவது கொலைத் தண்டனையை நிறைவேற்றுபவர், வசம் அவரை ஒப்படைத்தார்கள். கூரையில்லாத வெட்டவெளியில் ஒரு வேப்பமரத்தில் மாதக்கணக்காகக் கட்டிவைத்தார்கள். மழையும் வெயிலும் அவர்மேலேயே. சிரிப்பதற்காக வந்தவர்கள் மெல்ல மெல்ல வேறு காரியத்துக்காக வரத் தொடங்கினார்கள். மன வேதனையுள்ளவர்கள் ஆறுதல் கேட்டார்கள். நோயாளிகள் செபிக்கச் சொன்னார்கள். அந்த மரத்தின் இலையையே மருந்தாகக் கொண்டுபோனார்கள். இங்கே அவர் பெத்தானியா லாசராகிவிட்டார். ஜனங்கள் வந்து பார்த்தது ஒரு கைதியை அல்ல. சாவு இனி ஒன்றும் செய்யமுடியாத ஒரு மனிதனை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். இதை நான் நம் இந்துச் சகோதரர்களைக் குறைகூற எழுதவில்லை. மரத்தடிக்கு வந்து அவரிடம் ஆறுதல் பெற்றவர்களில் பெரும்பாலோர் இந்துக்களே. அவரைத் தண்டித்தது அந்தக் காலத்து அரசாட்சியும், குலப்பெருமை கலைந்துபோகுமே என்ற அச்சமும். அந்த அச்சம் கிறிஸ்தவர்களுக்குள்ளும் உண்டு என்பதைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

ஜனக்கூட்டம் பெருகுவதைக் கண்டு அவரை நாட்டின் எல்லையாகிய ஆரல்வாய்மொழிப் பக்கம் கொண்டுபோனார்கள். அங்கும் கூட்டம் குறையவில்லை. கடைசியில் இரகசியமாகக் கொன்றுவிட உத்தரவாயிற்று. 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மூன்றாண்டு விலங்கில் நடக்கமுடியாதபடி தளர்ந்திருந்த அவரைச் சேவகர்கள் சுமந்தும் இழுத்தும் அந்தப் பாறைமேல் கொண்டுசென்றனர் என்பார்கள். செபிக்கச் சற்று நேரம் கேட்டார்; கொடுத்தார்கள். பின்பு குண்டுகள் பாய்ந்தன. அவருக்கு வயது 39.

உடலை அடக்கம் செய்யவில்லை. மலையடிவாரக் காட்டில் வீசிவிட்டார்கள். காட்டு மிருகங்கள் தின்றதுபோக மிஞ்சிய எலும்புகளைச் சில நாட்களுக்குப்பின் விசுவாசிகள் தேடி எடுத்துப் பொறுக்கிச் சேர்த்து, கோட்டாறு புனித சவேரியார் கோவிலுக்குள் பீடத்திற்கு முன்பாக அடக்கம் செய்தார்கள். அந்த எலும்புகளைப் பொறுக்கியவர்களின் கைகளை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அரசர் கோபிக்கலாம், தங்களுக்கும் அதே கதி வரலாம். செத்துப்போனவனுக்கு இனி எலும்பு எதற்கு என்று விட்டிருக்கலாம். ஆனால் சரீரம் உயிர்க்கும் என்று நம்புகிறவனுக்கு எலும்பு குப்பையல்ல. உழைத்த உடம்பு, அடிபட்ட உடம்பு, நற்கருணை வாங்கிய உடம்பு. அதற்கு இன்னும் ஒரு நாள் பாக்கியிருக்கிறது. வயதான தாய் தகப்பனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, படுக்கை மாற்றுகிற மருமகள்மார் செய்கிற வேலையும் இதே நம்பிக்கையைச் சேர்ந்ததுதான் என்பது என் கருத்து. அழிந்துபோகும் கட்டைதானே என்று அவர்கள் அந்த உடம்பை ஒதுக்குவதில்லை.

கொச்சி மறைமாவட்டத்தின் ஆயராக அப்போது இருந்த கிளமெண்ட் ஜோசப் ஆண்டகைக்குச் செய்தி எட்டியது. அவர் என்ன செய்தார் தெரியுமா? துக்கமணி அடிக்கச் சொல்லவில்லை. தெ தேயும் என்னும் நன்றிப் பாடலை ஆடம்பரமாகப் பாடி ஆண்டவரைத் துதிக்கும்படி கட்டளையிட்டார். பெரிய வெற்றிகளுக்கும் கொண்டாட்டங்களுக்கும் பாடுகிற பாட்டு அது. காட்டில் எலும்பாகக் கிடந்த ஒருவருக்காகப் பாடப்பட்டது. 1756-ல் அதே ஆயர் இந்த வேதசாட்சியைப் பற்றி ரோமாபுரிக்கும் அறிக்கை அனுப்பினார்.

ஞானப்பூ அம்மையாரோ வடக்கன்குளத்தில் தங்கிவிட்டார். பிறந்த வீட்டார் பக்கம் திரும்பியிருந்தால் சோற்றுக்கும் துணிக்கும் குறைவிருந்திராது. அவர் போகவில்லை. கணவருக்கு ஞானஸ்நானம் கிடைத்த ஊரிலேயே பல ஆண்டுகள் விதவையாக வாழ்ந்து, அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கம் பண்ணப்பட்டார். அந்த ஆண்டுகளில் அவர் என்ன வேலை செய்தார், யாரோடு பேசினார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. காலையில் எழுந்து, பூசை கண்டு, அடுப்பு மூட்டி, மாலையில் செபமாலை சொல்லிக் கழிந்திருக்கக்கூடிய நாட்கள். புருஷனைச் சாவிலோ பிழைப்பிலோ பிரிந்து, அடுத்த நாளுக்கு அரிசி களைகிற பெண்கள் அந்த நாட்களை நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

வடக்கன்குளத்தைப் பற்றி வருத்தமான ஒரு செய்தியையும் மறைக்காமல் சொல்லவேண்டியிருக்கிறது. தேவசகாயம் சாதி பாராமல் பழகத் துணிந்ததற்கு எந்த ஞானஸ்நானம் காரணமோ, அந்த ஞானஸ்நானம் கொடுக்கப்பட்ட அதே ஊரில், பிற்காலத்தில் கட்டிய பெரிய கோவிலில் சாதிக்காரர் ஒரு பக்கமும் மற்றவர் ஒரு பக்கமுமாக இருக்கும்படி இரண்டு கிளையாக மண்டபம் அமைத்து, நடுவில் சுவர் எழுப்பியிருந்தார்கள். ஒரே பீடம், ஒரே அப்பம், நடுவில் சுவர்! 1910-ல் பங்குக் குரு கௌசானல் சுவாமியார் அந்தச் சுவரை இடித்தார். சாதிக்காரர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்குச் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று, அவர்களுக்கு எதிராக முடிந்தது.

கோவில் சுவர் இடிந்தது. கல்லறைத் தோட்டத்துச் சுவர்கள்? தமிழ்நாட்டில் பல ஊர்களில் இந்தச் சாதிக்கு இந்தப் பக்கம், அந்தச் சாதிக்கு அந்தப் பக்கம் என்று பிரித்துப் புதைத்திருக்கிறார்கள். திருச்சியில் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் சுவர் வைத்த கதை நம் மாவட்டத்தார் அறியாததல்ல. எக்காளம் தொனிக்கும் நாளில் சுவருக்கு இந்தப் பக்கம் முதலில், அந்தப் பக்கம் பிறகு என்று வானதூதர்கள் வரிசை வைப்பார்களா? பெரியவர்கள் என்மேல் கோபித்துக்கொண்டாலும் சரி, யூபிலி கொண்டாடும் வேளையில் இதைக் கேட்காமல் வேறெப்போது கேட்பது? தேவசகாயம் உயிரோடிருந்தபோதே அந்தச் சுவரைத் தாண்டி உட்கார்ந்து சாப்பிட்டவர். நாம் இறந்த பிறகும் தாண்டமாட்டோம் என்கிறோம்.

2012-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் பட்டம் வழங்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் ரோமாபுரி புனித பேதுரு சதுக்கத்தில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இறந்து 270 ஆண்டுகள் கழித்து வந்த பட்டம். இந்திய நாட்டுப் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவரே. 2025-ல் இந்தியப் பொதுநிலையினருக்குப் பாதுகாவலராகவும் ஏற்படுத்தப்பட்டார். புனிதர் பட்ட விவகாரத்தில் இன்னொரு சிறு காரியமும் நடந்தது. அதுவரை அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பட்டத்தை ரோமாபுரி நீக்கிவிட்டது. இப்போது அவர் வெறும் தேவசகாயம். உயிரோடிருந்தபோது அவர் விரும்பியதும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அவருடைய திருநாள் ஜனவரி 14. நம் பக்கத்தில் போகியும் பொங்கலுமாக வீடுகள் வெள்ளையடிக்கப்பட்டிருக்கும் நாட்கள் அவை. ஆடி ஆவணியில் மண்ணுக்குள் போட்டு மூடிய விதை, கதிராகவும் காயாகவும் களத்துக்கு வந்துசேரும் காலம். அன்று காலைத் திருப்பலிக்கு வருகிறவர்கள் நம் பங்கில் சிலரே. பொங்கல் வேலை இருக்கிறது, மாட்டைக் கழுவ வேண்டும். இந்த யூபிலி ஆண்டிலிருந்தாவது வெள்ளாற்றில் மாட்டைக் கழுவி ஓட்டிவந்த கையோடு கோவிலுக்குள் ஐந்து நிமிடம் வந்து போகலாம் அல்லவா? மாடு செத்துப்போன துக்கத்தில்தான் அவருடைய கதையே தொடங்கியது.

யாத்திரை போகிறவர்களுக்காக ஒரு குறிப்பு. நாகர்கோவில் இறங்கினால் கோட்டாறு சவேரியார் பேராலயம் அருகிலேயே இருக்கிறது. தேவசகாயத்தின் கல்லறை அதற்குள் உள்ளது. அங்கிருந்து ஆரல்வாய்மொழிக்குப் பேருந்து உண்டு. காற்றாடிமலையில் அவர் முழந்தாட்படியிட்ட பாறையைப் பார்க்கலாம். தட்டினால் மணிபோல் ஒலிக்கும் பாறை ஒன்றும் அங்கே இருக்கிறது. பிள்ளைகள் அதைத் தட்டிப்பார்க்காமல் திரும்பமாட்டார்கள். உதயகிரிக் கோட்டைக்குள் டிலன்னாயின் கல்லறை உண்டு. 1777-ல் இறந்த அவருக்கு லத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். இவ்வளவும் பார்த்துவிட்டு, பெரும்பாலோர் கன்னியாகுமரிக் கடலைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் நேரம் ஒதுக்கி, கணவாயைக் கடந்து கிழக்கே வடக்கன்குளத்துக்கும் போய்வாருங்கள். அங்கே ஞானப்பூ அம்மையாரின் கல்லறை இருக்கிறது. கணவர் கோட்டாற்றில், மனைவி வடக்கன்குளத்தில். இரண்டுக்கும் நடுவே ஆரல்வாய்மொழிக் கணவாயும் காற்றாடிமலையும். நாங்கள் ஒரு மெழுகுதிரியைக் கோட்டாற்றில் ஏற்றிவிட்டு, இன்னொன்றைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினோம்.